கூட்டாட்சியில் நிதிப் பங்கீடும் அரசியலும்

கூட்டாட்சி முறையைக் கைக்கொண்ட நாடுகளில் வரி தண்டும் அதிகாரமும் செலவு செய்யும் பொறுப்பும் ஒரே இடத்தில் அமைவது அரிது. வருமானவரி, சுங்கவரி போன்று நாட்டின் வளர்ச்சியோடு தாமும் வளரும் வரிகளை நாடு முழுவதற்கும் ஒரு தன்மையாகத் தண்டுதலே எளிது. ஆதலின் அவை மத்திய அரசாங்கத்தின் கையிற் சேர்கின்றன. பாடசாலை, மருத்துவமனை, நீர்ப்பாசனம், காவல், கிராம வீதி முதலியன மக்களுக்கு அணுக்கமாயுள்ள அரசினாலேயே செவ்வனே நடத்தப்படக் கூடியவை. ஆதலின் அவை மாநிலங்களின் பொறுப்பாகின்றன. இந்தியாவின் பதினைந்தாவது நிதி ஆணைக்குழு கணித்தவாறு, 2018-19ஆம் ஆண்டில் இருதரத்து அரசுகளும் திரட்டிய வருவாயில் நூற்றுக்கு 62.7 பங்கினை மத்திய அரசாங்கம் திரட்டியது. அவற்றின் மொத்தச் செலவில் நூற்றுக்கு 62.4 பங்கினையோ மாநிலங்கள் ஏற்றன. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பள்ளத்தை நிரப்புவது மத்தியிலிருந்து மாநிலங்களுக்குப் பாயும் பணமேயாம். அது தாமதித்தால் ஆசிரியரின் வேதனமும் தாமதிக்கும். அது குறைந்தால் குளத்தின் அணைக்கட்டுத் திருத்தப்படாது கிடக்கும்.

இப்பணத்தை யார் பகிர்வது, எவ்வளவு பகிர்வது, எந்த அளவுகோலைக் கொண்டு பகிர்வது என்னும் வினாக்கள் கணக்கியலோடு முடிந்துவிடுவன அல்ல. கொடுப்பவரும் தேர்தலில் நிற்பவர். பெறுபவரும் தேர்தலில் நிற்பவர். தன் கட்சி ஆளும் மாநிலத்திற்கு அள்ளிக் கொடுக்கவும், மாற்றுக்கட்சி ஆளும் மாநிலத்திற்குக் கிள்ளிக் கொடுக்கவும் கொடுப்பவர்க்கு என்றும் ஒரு தூண்டுதல் உண்டு. இதனைத் தடுத்தற்பொருட்டே நடுநிலையான ஆணைக்குழுக்களும் பங்கீட்டுச் சூத்திரங்களும் வகுக்கப்பட்டன. அவை பெரிதும் பயன்பட்டன என்பதற்கு ஐயமில்லை. ஆயின் சூத்திரம் வந்ததும் அரசியல் அகன்றுவிடவில்லை. அது மூன்று வாயில்களின் வழியே மீண்டும் உட்புகுந்தது. பகிர்தற்குரிய பொதுத் தொகுதியில் எவ்வரிகள் சேரும் என்பது முதல் வாயில். பகிரும் அளவுகோல் யாது என்பது இரண்டாவது. சூத்திரத்திற்குப் புறம்பே எவ்வளவு பணம் நிற்கும் என்பது மூன்றாவது. இந்தியாவின் நூறாண்டு நிதி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நியராட்சிக் காலத்திலேயே இச்சிக்கல் தோன்றிற்று. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி மத்திக்கும் மாகாணங்களுக்கும் வரவினங்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. நிலவரி மாகாணங்களுக்கு ஆயிற்று. வருமானவரியும் சுங்கமும் மத்திக்கு ஆயின. இப்பிரிவினையால் மத்திக்கு நேர்ந்த குறையை மாகாணங்களே பணஞ் செலுத்தி நிரப்ப வேண்டுமென முடிவு செய்யப்பட்டது. அதனைக் கணித்தற்கு அமைந்த மெஸ்டன் பிரபுவின் குழு 1920இல் மொத்தம் 983 இலட்சம் ரூபாவை மாகாணங்களின்மேற் சுமத்திற்று. அதில் 348 இலட்சம் சென்னை மாகாணத்தின் பங்கு. ஐக்கிய மாகாணத்தின் பங்கு 240 இலட்சம். வங்காளத்தின் பங்கு 63 இலட்சம். பம்பாயின் பங்கு 56 இலட்சம். புதிய பிரிவினையால் எந்த மாகாணத்தின் செலவாற்றல் எவ்வளவு கூடியதோ, அதற்கேற்பவே தொகை விதிக்கப்பட்டது. இரயத்துவாரி முறையினால் நிலவரி மிகுதியாகக் கிடைத்த சென்னை, மொத்தச் சுமையில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்டதைத் தாங்கியது. கைத்தொழிலும் வணிகமும் மிக்க பம்பாயோ வருமானவரியை மத்திக்கு விட்டுக்கொடுத்தமையால் சிறுதொகையோடு தப்பியது. கூட்டலிலும் கழித்தலிலும் பிழையில்லை. ஆயினும் செலவாற்றல் என்ற ஒன்றை அளவுகோலாகத் தெரிந்தபோதே யார் சுமப்பர் என்பதும் தீர்ந்துவிட்டது. சென்னைச் சட்டசபையில் இது நெடுநாள் முறையீடாக நின்றது. இக்கொடைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1928இல் ஒழிந்தன.

பின்னர் 1936இல் சேர் ஒட்டோ நீமேயர் வழங்கிய தீர்ப்பு எதிர்த்திசையிற் சென்றது. அதன்படி வருமானவரியிற் பாதி மாகாணங்களுக்கு உரியதாயிற்று. அப்பாதியில் பம்பாய்க்கும் வங்காளத்திற்கும் நூற்றுக்கு 20 வீதமும், சென்னைக்கும் ஐக்கிய மாகாணத்திற்கும் 15 வீதமும், பீகாருக்கு 10 வீதமும் குறிக்கப்பட்டன. வரி எங்கே தண்டப்படுகின்றதோ அங்கே அது திரும்ப வேண்டும் என்பது ஒருசாரார் கொள்கை. மக்கள் எங்கே மிகுந்துள்ளனரோ அங்கே அது செல்ல வேண்டும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவ்விரண்டையும் தழுவிச் செல்ல நீமேயர் முயன்றார். அன்று தொடங்கிய வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இப்பங்கீட்டை ஆளுங்கட்சியின் விருப்பத்திற்கு விடவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அல்லது அதற்கு முன்னரே, குடியரசுத் தலைவர் ஒரு நிதி ஆணைக்குழுவை நியமிக்க வேண்டுமென 280ஆம் உறுப்புரை விதித்தது. கே. சி. நியோகியின் தலைமையில் 1951இல் அமைந்த முதலாவது ஆணைக்குழு வருமானவரியில் நூற்றுக்கு 55 பங்கினை மாநிலங்களுக்கு ஒதுக்கி, அதனை நூற்றுக்கு 80 மக்கட்டொகைப்படியும் 20 தண்டற்றொகைப்படியும் பகிருமாறு விதந்துரைத்தது. கே. சந்தானத்தின் தலைமையில் அமைந்த இரண்டாவது ஆணைக்குழு பங்கினை 60 ஆக்கி, மக்கட்டொகைக்கு 90 வீதம் அளித்தது. ஏ. கே. சந்தாவின் தலைமையிலான மூன்றாவது ஆணைக்குழு மீண்டும் 80க்கு 20 என்ற விகிதத்திற்கு வந்தது. பம்பாயும் மேற்கு வங்காளமும் தண்டலை வற்புறுத்த, மக்கள் நெருங்கிய வட மாநிலங்கள் மக்கட்டொகையை வற்புறுத்தின. இவ்வழக்கிலும் ஆணைக்குழுவின் விதந்துரைகளை மாற்றாது ஏற்பது பெரும்பாலும் மரபாக நிலைத்தது பெரிய பேறாகும்.

ஆயின் அரசியலமைப்பு வகுத்த இவ்வழிக்குப் பக்கத்திலே வேறொரு வழி திறந்தது. 1950 மார்ச்சில் அமைச்சரவையின் தீர்மானமொன்றினால் திட்ட ஆணைக்குழு தோன்றிற்று. அரசியலமைப்பில் அதற்கு இடமில்லை. பிரதமரே அதன் தலைவர். பொதுநோக்கம் எதற்கேனும் மானியம் வழங்கலாமென 282ஆம் உறுப்புரை பொதுப்படக் கூறியதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, ஐந்தாண்டுத் திட்டங்களின் பெயரால் பெருந்தொகைகள் கடனாகவும் மானியமாகவும் மாநிலங்களுக்குச் சென்றன. இவ்விரு வழிகளையும் ஒன்றாக்க மூன்றாவது நிதி ஆணைக்குழு முயன்றது. மாநிலத் திட்டங்களின் நடைமுறைச் செலவில் நூற்றுக்கு 75 பங்கினைத் தன் சட்டபூர்வமான மானியத்தினாலேயே நிரப்பலாமென 1961இல் அது விதந்துரைத்தது. அதன் செயலாளரான உறுப்பினர் ஒருவர் மாறுபட்ட குறிப்பு எழுதினார். அரசாங்கம் பெரும்பான்மையை விடுத்து அந்த ஒருவரின் கருத்தையே ஏற்றது. தன்விருப்பாற் கொடுக்கும் உரிமையை எவ்வரசும் எளிதிற் கைவிடாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மத்தியிலும் மாநிலங்களிலும் ஒரே கட்சி ஆண்ட காலத்தில் இம்முறையின் குறை வெளிப்படவில்லை. பூசல்கள் கட்சிக்குள்ளேயே தீர்ந்தன. 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் அந்நிலையை மாற்றியது. சென்னையில் சி. என். அண்ணாதுரையின் தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகமும், கேரளம், மேற்கு வங்காளம், பஞ்சாப், பீகார், ஒரிசா முதலிய இடங்களில் வேறு கட்சிகளும் கூட்டணிகளும் ஆட்சிக்கு வந்தன. கட்சிக்குள்ளே பேசித் தீர்க்க முடியாதபோது எழுத்தில் அமைந்த விதி வேண்டப்படும். திட்ட ஆணைக்குழுவின் துணைத்தலைவர் டி. ஆர். காட்கிலின் பெயரால் வழங்கும் சூத்திரம் அவ்வாறு பிறந்தது. 1969இல் தொடங்கிய நான்காவது திட்டத்தில் மத்திய உதவி மக்கட்டொகைக்கு 60, தலைவருமானக் குறைவுக்கு 10, வரி முயற்சிக்கு 10, நடைபெறும் பெரும் நீர்ப்பாசன மின்வலுத் திட்டங்களுக்கு 10, சிறப்புச் சிக்கல்களுக்கு 10 எனப் பகிரப்பட்டது. அசாம், நாகாலாந்து, சம்மு காசுமீரம் ஆகிய மூன்றும் தனி வகுப்பாகி, தம் உதவியில் நூற்றுக்கு 90 பங்கினை மானியமாகப் பெற்றன. ஏனையவற்றிற்கு மானியம் 30, கடன் 70. சூத்திரத்தை அரசியலின் பகை எனக் கருதுவோர் பலர். வரலாறோ சூத்திரம் அரசியற் போட்டியின் பிள்ளை எனக் காட்டுகின்றது. அதே ஆண்டில் தமிழகம் நியமித்த இராசமன்னார் குழு மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்து 1971இல் அறிக்கை தந்தது. அக்குழுவின் தலைவர் பி. வி. இராசமன்னாரே முன்னர் நான்காவது நிதி ஆணைக்குழுவிற்கும் தலைமை தாங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சூத்திரம் உண்மையிற் காக்கின்றதா என்பதைப் பிற்காலப் பொருளியலாளர் கணக்கிட்டுப் பார்த்தனர். ஸ்துதி கேமானி 2007இல் வெளியிட்ட ஆய்வு, 1972 முதல் 1995 வரை 15 மாநிலங்களுக்குச் சென்ற பணத்தை இருவகையாகப் பிரித்து நோக்கியது. அரசியல்வாதிகளின் தன்விருப்பிற்கு உட்பட்ட பணம் மத்தியை ஆளும் கட்சியைச் சார்ந்த மாநிலங்களுக்கு மிகுதியாகச் சென்றது. நிதி ஆணைக்குழு பகிர்ந்த பணமோ அச்சாய்வினைப் பின்பற்றாது, அதனை ஓரளவு ஈடுசெய்யும் திசையிற் சென்றது. விஜி அருளம்பலம், சுகதோ தாஸ்குப்தா, அமிர்தா தில்லோன், பாஸ்கர் தத்தா ஆகிய நால்வர் 2009இல் வெளியிட்ட ஆய்வு 14 மாநிலங்களை எடுத்துக்கொண்டது. மத்தியோடு ஒரே கட்சியாயும், வெற்றி தோல்வி நூலிழையில் நிற்பதாயும் உள்ள மாநிலம், இவ்விரு தன்மையும் அற்ற மாநிலத்தினும் ஏறத்தாழ நூற்றுக்கு 16 வீதம் கூடுதலாகப் பெற்றதென அது கணித்தது. இதன் காரணம் எளிது. மாற்றுக்கட்சி ஆளும் மாநிலத்தில் மத்தியின் பணத்தால் ஒரு பாலம் கட்டப்பட்டால், நன்றியின் ஒரு பகுதி அம்மாற்றுக்கட்சிக்கே சேரும். தன்கட்சி ஆளும் மாநிலத்திலோ நன்றி சிந்தாது முழுதும் வந்தடையும். அங்கும் வெற்றி உறுதியாயுள்ள இடத்திற் செலவிடுதல் வீண் என எண்ணுவது தேர்தற் கணக்கு.

இனி மூன்று வாயில்களையும் முறையே நோக்குதல் தகும். முதலாவது, பொதுத் தொகுதி. தொடக்கத்தில் வருமானவரியும் கலால்வரிகளும் மட்டுமே பகிரப்பட்டன. கம்பனிகள் செலுத்தும் கூட்டுத்தாபன வரியும் சுங்கமும் மத்திக்கே உரியன. 1959ஆம் ஆண்டின் நிதிச்சட்டத்தினால் கம்பனிகள் செலுத்திய வருமானவரி கூட்டுத்தாபன வரியாகப் பெயர் மாறிற்று. பெயர் மாறியதும் அது மாநிலங்களின் கைக்கு எட்டாததாயிற்று. வருமானவரியில் மாநிலப் பங்கினை ஆணைக்குழுக்கள் 75 ஆகவும், பின்னர் 85 ஆகவும் உயர்த்தின. உயர உயர, அவ்வரியை வளர்ப்பதில் மத்திக்கு ஆர்வங் குன்றியது. பத்தாவது ஆணைக்குழுவின் யோசனைப்படி 2000ஆம் ஆண்டின் எண்பதாவது திருத்தம் மத்திய வரிகளை எல்லாம் ஒரே தொகுதியாக்கி இக்குறையைத் தீர்த்தது. மாநிலங்களின் பங்கு 29 வீதத்தில் தொடங்கி, வை. வி. ரெட்டியின் தலைமையிலமைந்த பதினான்காவது ஆணைக்குழுவினால் 2015இல் 42 ஆயிற்று. சம்மு காசுமீரம் 2019இல் மாநிலத் தகுதியை இழந்தபின் 41 ஆயிற்று.

ஆயின் மேல்வரிகளும் தனிநோக்க வரிகளும் அத்தொகுதியிற் சேர்வதில்லை. மத்தியின் மொத்த வரிவருவாயில் 2011-12இல் ஏறத்தாழ நூற்றுக்கு 10 பங்காயிருந்த இவை, பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 20 பங்காயின. 2020 மே மாதத்தில் பெற்றோலுக்கு இலீற்றருக்கு 10 ரூபாவும் டீசலுக்கு 13 ரூபாவும் வரி கூட்டப்பட்டபோது, அக்கூட்டல் முழுவதும் பகிரப்படாத வகையிலேயே அமைந்தது. தட்டில் விழும் பங்கு பெருத்ததாகக் காணப்படினும், சட்டியிலிருந்து ஒரு பகுதி முன்னரே எடுத்து வைக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது வாயில் அளவுகோல். குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நடத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படலாகாது என்னும் கருத்தினால், 1976ஆம் ஆண்டின் தேசிய மக்கட்டொகைக் கொள்கை, நிதிப் பங்கீட்டிற்கும் 1971ஆம் ஆண்டுக் குடிமதிப்பையே கொள்ளுமாறு கூறியது. அவ்வாண்டின் 42ஆவது திருத்தம் பாராளுமன்ற ஆசனப் பங்கீட்டையும் அதே ஆண்டுக் குடிமதிப்பில் நிறுத்தியது. 2017இல் நியமிக்கப்பட்ட பதினைந்தாவது ஆணைக்குழு 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பைக் கொள்ளுமாறு பணிக்கப்பட்டபோது தென்னாட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2018 ஏப்பிரில் 10இல் தென்மாநில நிதியமைச்சர் சிலர் திருவனந்தபுரத்திற் கூடி இதனை எதிர்த்தனர். ஆணைக்குழு பின்னர் மக்கட் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியமைக்கென 12.5 வீதம் ஒதுக்கிற்று. உயர்வருமான மாநிலங்களிலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதற்கு 45 வீதம் அளித்தது. விளைவு வருமாறு: முந்திய ஆணைக்குழுவின் பங்கீட்டோடு ஒப்பிடுகையில் கேரளத்தின் பங்கு 2.5இலிருந்து 1.925 ஆகவும், கர்நாடகத்தின் பங்கு 4.713இலிருந்து 3.647 ஆகவும் குறைந்தன. தமிழ்நாடு 4.023இலிருந்து 4.079க்குச் சிறிது உயர்ந்தது. எனினும் பதின்மூன்றாவது ஆணைக்குழு அளித்த 4.969ஐ அது மீண்டும் எட்டவில்லை.

இவ்வழக்கில் இருபுறமும் நியாயம் உண்டு. பீகாரின் குழந்தையும் கேரளத்தின் குழந்தையும் ஒரு நாட்டின் குடிகள். வறிய மாநிலத்திற் பிறந்தமையால் ஒரு குழந்தைக்குப் பாடசாலையும் மருந்தும் மறுக்கப்படுதல் முறையன்று. அதேவேளை நன்கு நடந்தமையே நட்டத்திற்குக் காரணமாகுமெனின் நன்கு நடப்பதற்கு ஊக்கம் எங்ஙனம் உண்டாகும்? இவ்வினாவைக் கணக்கு விடுவிக்காது. அளவுகோலைத் தெரிபவரின் நீதியுணர்வே விடுவிக்க வேண்டும். பாராளுமன்றத்தில் எண்ணிக்கை மிகுந்த பகுதிக்கு அத்தெரிவில் வலிமை கூடுதல் என்பதும் மறக்கற்பாலதன்று.

மூன்றாவது வாயில், சூத்திரத்திற்குப் புறம்பான பணம். 2015 சனவரியில் திட்ட ஆணைக்குழு மறைந்து நீதி ஆயோக் தோன்றிற்று; அதற்கு மாநிலங்களுக்குப் பணம் பகிரும் பொறுப்பில்லை. எனினும் மத்திய அமைச்சுக்கள் தாமே நிபந்தனை விதித்து வழங்கும் திட்டங்கள் நிலைத்தன. முன்மாதிரிப் பாடசாலைத் திட்டமொன்றிற்கான உடன்படிக்கையிற் கைச்சாத்திட மறுத்த தமிழ்நாட்டிற்கு, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் 2024-25க்கு எதிர்பார்க்கப்பட்ட 2,152 கோடி ரூபா விடுவிக்கப்படவில்லை. 2025இல் அம்மாநிலம் உச்சநீதிமன்றத்தை நாடியது. இதன் மறுபுறமும் உண்டு. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி தனிப்பெரும்பான்மை இழந்து, ஆந்திரத்தின் தெலுங்கு தேசக் கட்சியினதும் பீகாரின் ஐக்கிய சனதா தளத்தினதும் துணையோடு ஆட்சியமைத்தது. அவ்வாண்டு யூலை 23இல் வெளியான வரவுசெலவுத் திட்டத்தில் அமராவதித் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாவும் பீகாரின் வீதித் திட்டங்களுக்கு 26,000 கோடி ரூபாவும் அறிவிக்கப்பட்டன. ஆந்திரத்தின் தேவையும் பீகாரின் வறுமையும் மெய்யே. ஆயின் அத்தேவைகள் நெடுநாள் இருந்தவை. அவை செவிசாய்க்கப்பட்ட காலத்தைக் குறித்தது ஆசன எண்ணிக்கையாகும்.

இந்தியாவின் இவ்வனுபவம் இலங்கைக்கும் அயலானதன்று. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளோடு ஒரு நிதி ஆணைக்குழுவையும் நிறுவியது. மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும், மூன்று பெருஞ்சமூகங்களைப் பிரதிநிதித்துவஞ் செய்யும் மூவரும் அதன் உறுப்பினர். மக்கட்டொகை, தலைவருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வினைக் குறைத்தல் ஆகியவற்றைக் கருதிப் பகிருமாறு அத்திருத்தம் பணிக்கின்றது. ஆயின் மத்திய வரிகளில் இத்தனை வீதம் மாகாணங்களுக்கு உரியது என்று வரையறுக்கப்படவில்லை. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்படுகின்றதோ அதுவே கிடைக்கும். மாகாணங்கள் தாமே தண்டிய புரள்வுவரி 2011இல் நீக்கப்பட்டு, அதற்கு ஈடாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியின் மூன்றிலொரு பங்கு அளிக்கப்பட்டது. 2019 டிசெம்பரில் அவ்வரியும் ஒழிக்கப்பட்டது. தனக்கென ஒரு வரியை உடைத்தாயிருத்தற்கும் பிறர் வரியிற் பங்கு பெறுதற்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவுறக் காட்டும்.

முடிவாக நோக்குமிடத்து, நிதிப் பங்கீட்டிலிருந்து அரசியலை முற்றாக அகற்றல் இயலாது, அகற்றுதல் வேண்டப்படுவதுமன்று. எந்தத் தேவையை முதலில் நிறைவேற்றுவது என்பது மக்களாட்சியில் மக்கள் பிரதிநிதிகள் பேசித் தீர்க்க வேண்டியதே. தீங்கு விளைவது அப்பேச்சு மறைவில் நிகழும்போதாகும். பொதுத் தொகுதியிலிருந்து வரிகள் ஓசையின்றி நழுவாதிருத்தல், அளவுகோலைத் தெரிவதிற் பெறுபவர்க்கும் குரல் இருத்தல், சூத்திரத்திற்குப் புறம்பான பணம் சிறிதாயும் காரணங் கூறி வழங்கப்படுவதாயும் இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால் அரசியல் வெளிச்சத்தில் நடக்கும். இவை அமையாத நாட்டில் ஒரு மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டம் அம்மாநில மக்கள் தெரிந்த அரசினால் எழுதப்பட்டாலும், அதன் தொகைகள் வேறோரிடத்தில் வேறொரு தேர்தலை எண்ணி நிர்ணயிக்கப்படும். அங்கே மாநில ஆட்சி பெயரளவில் நிற்கும். பாடசாலைக்கும் குளத்திற்கும் உரிய பணத்தை எதிர்பார்த்து மக்கள் காத்திருப்பர்.